ஓநாய் இல்லாத பதினொரு காசுகள்

என்னைப் பேச அழைத்தவர் கேட்டது இனிமையான நினைவுகளை. இந்தக் காட்சிசாலையின் பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி நாலு சம்பவம் சொன்னால் போதும் என்றார். அப்படிப்பட்டவை என்னிடமும் உண்டு. ஆனால் உங்கள் வேலைக்கு உண்மையில் உதவக்கூடியது ஒன்றுதான். அதை நினைத்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என்மீதே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஹில் ஸ்திரீட் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சிறிய காட்சிசாலை ஒன்று இருந்தது. இறந்துபோன ஒரு கப்பல் வணிகரின் அறக்கட்டளை அதை நடத்தியது. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. பாடம் செய்த பறவைகள், மலாய்க் கத்திகள், விரிசல் விட்ட சீனத் தட்டுகள், இவற்றோடு மூன்று இழுப்பறை நிறைய ரோமானிய வெண்கலக் காசுகள். நான் அங்கே தட்டச்சுக்காரி. கம்போங் காப்பூரிலிருந்து தினமும் டிராலி பஸ்ஸில் வருவேன். வயது இருபத்துநாலு.

அந்தக் காசுகளுக்குப் பதிவேடு கிடையாது. கடிதங்கள் இல்லாத நாட்களில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பின்னறையில் கிடந்த புத்தகங்களோடு ஒப்பிட்டு, நானே அட்டை எழுத ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. இரண்டு வருடத்தில் அந்தச் சின்ன உருவங்கள் எனக்குப் பழகிவிட்டன. இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய் என்றால் அது ரோம் நகரம். கையில் தராசு பிடித்த பெண் நேர்மை. ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பழங்கள் வழியும் கொம்பும் இருந்தால் அவள் அதிர்ஷ்டம். குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள் படையின் ஒற்றுமை. படை கலகம் செய்யுமோ என்று பயந்த காலத்தில்தான் அந்தக் கைகளைக் காசில் அதிகம் அடித்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்துச் சிரித்திருக்கிறேன். நான் படித்தேன், தெரிந்துகொண்டேன், ஆனால் என்னிடம் எவரும் எதையும் கேட்டதில்லை. அதுதான் பிறகு நடந்ததற்குக் காரணம்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றியிறக்கும் ஒரு குத்தகைக் கம்பெனியின் கூலியாள் ஒருவரை வாசலில் சோதித்தபோது இவை கிடைத்தன என்றார். உறையைக் கவிழ்த்தார். பதினொரு சின்ன வெண்கலக் காசுகள். சில கட்டைவிரல் நகமளவு, சில சுண்டுவிரல் நகமளவு. ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சேகரிப்பாளரின் பெட்டி அதே வாரம் கொட்டகையில் உடைக்கப்பட்டிருந்ததாம். இவை பழைய ரோமானியக் காசுகளா என்று எங்கள் காட்சிசாலை எழுத்தில் சொன்னால் போதும் என்றார்.

எங்கள் காப்பாளர் ஒரு மதிய விருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, “மிஸ் ரூத், நீங்க பார்த்து ஒரு லெட்டர் அடிச்சு வைங்க, நான் வந்து சைன் பண்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். எனக்குள் ஒரு பரபரப்பு. இரண்டு வருடம் யாருக்கும் தேவைப்படாத என் அறிவு இன்று சட்டத்துக்கே தேவைப்படுகிறது. முதல் வரி எழுதினேன்: இவை ரோமானிய வெண்கலக் காசுகள். இரண்டாவது வரி: ரோமப் பேரரசின் பிற்காலத்தவை, ஏறத்தாழ கிறிஸ்துவுக்குப் பின் நானூறு ஆண்டு. இரண்டும் சரி. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இவை அரிதானவையா, சாதாரண ஆளிடம் இருக்குமா என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு போலீஸ்காரர் எதிரே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாவது வரியும் எழுதினேன்: இவ்வகைக் காசுகளைச் சேகரிப்பாளர்களிடமன்றி வேறெங்கும் காண்பது அரிது.

காப்பாளர் வந்து படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை சிராங்கூன் ரோட்டில் இறங்கி எனக்கு நானே ஒரு கைப்பை வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், காவலாளி மேலே வந்து யாரோ ஒருவர் காசு பார்த்து எழுதிய துரையைப் பார்க்கவேண்டும் என்று நிற்பதாகச் சொன்னார். காப்பாளர் வெளியே போயிருந்தார். நான் இறங்கிப் போனேன். நாற்பது வயதிருக்கும், துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பெயர் வேலாயுதம். நான்தான் எழுதினேன் என்றேன்.

“தமிழ்ப் பிள்ளையா நீங்க,” என்றார். “வெள்ளைக்காரன்னு நெனச்சுத்தான் வந்தேன். என்ன எழுதுனீங்கன்னு எனக்குத் தமிழ்லயே சொல்லிடுங்கம்மா.”

சொன்னேன். மூன்றாவது வரியைச் சொல்லும்போது என் குரல் இறங்கியது. அவர் கவனமாகக் கேட்டார். கோர்ட்டில் முதல் நாள் மொழிபெயர்ப்பாளர் அதை அவரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: உன்னைப் போன்ற ஆளிடம் இது இருக்கவே முடியாது என்று காட்சிசாலை எழுதிக் கொடுத்திருக்கிறது. திருட்டுக் குற்றம் பதிவாகிவிட்டது. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஜாமீன் நின்றதால் வெளியே இருக்கிறார். கம்பெனி மறுநாளே வேலையாட்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டது.

அந்தக் காசுகள் எப்படி வந்தன என்று நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நினைத்துப் பாருங்கள். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் தொழிலின் முதல் கேள்வி. உங்கள் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, காப்பாளர் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

அவர் கரூர்க்காரர். அங்கே அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு பொன்துகள் கிடைக்கும் என்று மணலை அரிப்பவர்கள் உண்டு. அவர் அம்மா அந்த வேலை செய்தவர். பொன் அதிகம் கிடைக்காது, ஆனால் இந்த மாதிரிச் செம்புத் துண்டுகள் கிடைக்கும். மற்றவர்கள் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்களாம். அந்த அம்மாள் உருவம் தெரிகிற காசுகளை மட்டும் எடுத்து வைத்திருந்தார். மகன் கப்பலேறும்போது கொடுத்தார்.

“பத்துப் பேர் படுக்கிற ரூம்பு எங்களது. எங்க வச்சிட்டுப் போறது? அதான் இடுப்புலயே முடிஞ்சிருந்தேன்,” என்றார். “பன்னெண்டு வருஷமா இருக்கு. அன்னிக்குத்தான் வாசல்ல சோதனை போட்டவன் கண்ணுல பட்டுச்சு.”

மேலே ஓடிப்போய் என் புத்தகங்களைப் பிரித்தேன். தென்னிந்தியாவில் ரோமானியக் காசுகள் கிடைக்கின்றன என்று ஒரு புத்தகத்திலேயே இருந்தது. ஆற்றுப் படுகைகளில், சின்ன வெண்கலக் காசுகள் ஏராளமாக. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ரோமில் என்ன நடந்தது என்று விடிய விடியத் தெரிந்துகொண்ட எனக்கு, என் தாத்தா பிறந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்தில் என்ன கிடைக்கிறது என்று படிக்கத் தோன்றவில்லை.

அன்றே இன்ஸ்பெக்டருக்குத் தொலைபேசியில் பேசினேன். காணாமல் போன காசுகளின் பட்டியலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அது கப்பல் ஏஜெண்டிடம் இருக்கிறது, உங்கள் கடிதம் தெளிவாக இருந்ததால் தேவைப்படவில்லை என்றார். நான் ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த அந்த ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போனேன். வயதான சீனக் குமாஸ்தா ஒருவர் தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரமாக இந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது, இதைப் பார்க்க வந்த முதல் ஆள் நீதான் என்று மலாயில் சொன்னார்.

ஒன்பது காசுகள். ஒவ்வொன்றும் பழைய வெள்ளி டாலர் அளவு. சேகரிப்பாளர் மிக ஒழுங்கான மனிதர், ஒவ்வொன்றின் பின்புறத்தையும் விவரித்திருந்தார். ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும். பேரீச்ச மரத்தடியில் அழும் பெண். பாய்மரமும் துடுப்புகளும் உள்ள கப்பல். குலுக்கிக்கொள்ளும் கைகள். இப்படி ஒன்பது.

வேலாயுதத்திடம் பிடித்தவை பதினொன்று. எல்லாமே நகமளவு. எதிலும் ஓநாய் இல்லை, கப்பல் இல்லை, அழும் பெண் இல்லை. எண்ணிக்கையும் பொருந்தவில்லை, அளவும் பொருந்தவில்லை, உருவமும் பொருந்தவில்லை, காலத்திலும் இருநூறு வருடத்துக்கு மேல் வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. தாளையும் காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அதைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? பிடிபட்டவர் ஒரு கூலியாள். அவர் கையில் பழங்காசு இருந்தால் அது திருட்டு. அவ்வளவுதான் அவர்கள் யோசனை. அந்த யோசனைக்கு முத்திரை வைத்துக் கொடுத்தது என் மூன்றாவது வரி.

மறுநாள் காலையில் காப்பாளரிடம் போனேன். அவர் வெள்ளைக்காரர் இல்லை. நம் ஆள்தான். அந்த இடத்தில் முதல்முறையாக உள்ளூர்க்காரர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள், வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பட்டியலின் நகலைக் காட்டி, இன்னொரு கடிதம் அனுப்பவேண்டும் என்றேன்.

அவர் தாளைத் தொடவேயில்லை. “நம்ம லெட்டர்ல என்ன பொய் இருக்கு மிஸ் ரூத்? ரோமன்னு சொன்னோம், ரோமன்தான். காயின் கலெக்டர்ஸ்கிட்டதான் அதிகம் இருக்கும்னு சொன்னோம். அதுவும் சரிதானே?”

“அந்த வரியை வச்சுத்தான் சார் அவர்மேல கேஸ் போட்டிருக்காங்க.”

“அது போலீஸ் வேலை. இந்த நாற்காலியில நம்மள மாதிரி ஒருத்தனை இப்பத்தான் உக்கார வச்சிருக்காங்க. முதல் வருஷமே தப்பா எழுதிட்டோம்னு நானே கைப்பட அனுப்பவா?”

அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் மேலே இருந்தவர்கள் குறை சொல்லக் காத்திருந்தார்கள். இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. ஆனால் புரிந்துகொண்டதால் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஒருவர் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் ஜெயிலுக்குப் போகவேண்டுமா? அப்படியானால் விசாரணை நாளன்று நானே கோர்ட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றேன். விடுப்பு இல்லை என்றார். எழுதியே கொடுத்தேன்: நான் எழுதிய ஒரு தவறைத் திருத்த நீதிமன்றம் போவதற்காக ஒரு நாள் விடுப்பு. அதையும் மறுத்துத் திருப்பினார். நான் போனேன்.

இதில் எனக்கு உண்மையான நெருக்கடி கோர்ட் அல்ல. அதற்கு முந்தின இரண்டு நாட்கள்தான் நெருக்கடி. வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை, என் சம்பளம்தான் எல்லாம். யாரிடமும் கலந்து பேச முடியவில்லை. பேசியிருந்தால் எல்லோரும் போகாதே என்ற ஒரே புத்திதான் சொல்லியிருப்பார்கள். அதனாலேயே பேசவில்லை.

கோர்ட்டில் என்னைச் சாட்சியாக ஏற்பதற்கே தயங்கினார்கள். வேலாயுதத்துக்கு வக்கீல் கிடையாது. நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, அரசுத் தரப்புக் கடிதத்தை எழுதியவள் நான் என்று மாஜிஸ்திரேட்டிடம் நேராகச் சொன்னேன். அவர் என்னை ஏறச் சொன்னார். அரசுத் தரப்பில் நின்ற அதிகாரி முதலில் என் தகுதியைக் கேட்டார். தட்டச்சுக்காரி என்றேன். ஒரு தட்டச்சுக்காரியின் பேச்சை நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“நீங்கள் இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்த கடிதமும் இதே தட்டச்சுக்காரி எழுதியதுதான்,” என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

பட்டியலை வாசித்தேன். காசுகளைக் கொண்டுவரச் சொல்லி, இவற்றில் எங்காவது ஓநாய் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் என் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. காசுகளைத் தன் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு, இவற்றில் என்ன இருக்கிறது என்று வேலாயுதத்திடம் கேட்டார்.

வேலாயுதம் தயங்காமல் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றில் நடுவே கொடிக்கம்பம், இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள். ஒன்றில் வட்டத்துக்குள் சிலுவை, அறையில் கூடத் தங்கியிருக்கும் அந்தோணி அதைக் கேட்டு நச்சரித்தும் அவர் கொடுக்கவில்லை. ஒன்றில் இறக்கை வைத்த பெண் ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போகிறாள். அவர் அதை அம்மன் என்றார். இன்னொன்றில் ஓரம் உடைந்திருக்கும், உடைந்த பக்கத்தில் ஒரு குதிரை என்றார்.

“அது எங்க காவல்சாமி. ஈட்டியால குத்திக்கிட்டு நிக்கிறாரு,” என்றார். “குதிரையில இருந்து கீழ விழுறான் பாருங்க, அவன் திருடன்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். மாஜிஸ்திரேட் கையைத் திறந்து, ஓரம் உடைந்த காசைத் தேடி எடுத்து, கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ரோமானியர்கள் இதை என்ன என்று சொன்னார்கள் என்று கேட்டார்.

நான் சொன்னேன். நிற்பவன் ரோமானிய வீரன். விழுபவன் அவர்கள் எல்லைக்கு அப்பால் வாழ்ந்த, அவர்கள் காட்டுமிராண்டி என்று அழைத்த ஒருவன். சுற்றி இருக்கும் எழுத்துகளின் பொருள், மகிழ்ச்சியான காலம் திரும்பிவிட்டது. அதே உருவமுள்ள காசுகள் எங்கள் இழுப்பறையில் நிறைய இருந்தன. வேலைப்பாட்டைப் பார்த்து வியந்து அட்டை எழுதியிருக்கிறேன். அன்று கூண்டில் நின்று அந்த வாசகத்தைச் சொல்லும்போதுதான், விழுபவனின் முகத்தை நான் ஒரு தடவையாவது கவனித்திருக்கிறேனா என்ற கேள்வி வந்தது. கையைத் தூக்கித் தடுக்கப் பார்க்கிறான். அவன்மேல் ஈட்டி இறங்குகிறது. அதைச் சுற்றி மகிழ்ச்சியான காலம் என்று எழுதி வீட்டுக்கு வீடு அனுப்பியிருக்கிறார்கள்.

வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. காசுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் இனிமையான நினைவுகளில் சேர்த்திருப்பேன். குத்தகைக் கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அவருக்கு அது குற்றமற்றவர் என்று சொன்ன பிறகும் விழுந்த தண்டனை. காசுகளும் அவர் கைக்குப் போகவில்லை. மதிப்புள்ள பொருள், பத்திரமாக இருக்கட்டும் என்று போலீஸ் அவற்றை எங்கள் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டது. காப்பாளர் வாங்கிவைத்துக்கொண்டார். விடுப்பில்லாமல் போனதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த அதே வாரத்தில், என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். வெல்வெட் துணிமேல் பதினொரு காசுகளும் இருந்தன. பத்திரிகையில் வழக்கைப் பற்றி நாலு வரி வந்ததால் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றார். பெயர்ச்சீட்டு அடித்துத் தரச் சொன்னார். எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் ‘காவல்துறை வழங்கியது’ என்று போடச் சொன்னார்.

காவல்துறை எதை வழங்கியது? தன்னுடையது அல்லாத ஒன்றை. யாருக்கு? அதன்மேல் உரிமையே இல்லாத ஒருவருக்கு. திருட்டு என்று ஓர் ஏழையைக் கூண்டில் ஏற்றியவர்களும், அதற்குக் கடிதம் கொடுத்தவர்களும் சேர்ந்து, அவர் காசை வெல்வெட்டில் வைத்து ஊருக்குக் காட்டப்போகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் வாதாடவில்லை. சீட்டு அடித்தேன். ரோமானிய வெண்கலக் காசுகள், பதினொன்று. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தவை. உரிமையாளர் வேலாயுதம், துறைமுகத் தொழிலாளி. அவரிடம் திருப்பிக் கொடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. அவரது அனுமதியின்றி இங்கே வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் கையால் எழுதிய ஒன்று. இரண்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் காப்பாளர் மேசையில் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் அதைப் படித்தவர் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவரின் மனைவி. பிறகு நடந்த சத்தத்தை விட்டுவிடுகிறேன். காப்பாளர் என்னிடம் கேட்டது ஒன்றுதான் நினைவிருக்கிறது, என்னை அவமானப்படுத்த உனக்கு யார் இந்தத் தைரியம் கொடுத்தது என்று. சீட்டில் என்ன சார் பொய் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் இழுப்பறைச் சாவிகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த இரண்டு வருடம் நான் பறவைகளுக்குத் தூசி தட்டினேன். அதற்குப் பிறகு வேறோர் இடத்தில் வேலை கிடைத்து, அங்கே ஓய்வுபெறும்வரை இருந்தேன். பெட்டியை மட்டும் அன்று மாலையே காலி செய்து, காசுகளை உரியவரிடம் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

வேலாயுதம் அப்போது குவீன்ஸ்டவுனில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகளில் சிமெண்டு சுமந்துகொண்டிருந்தார். ஆள் அனுப்பி வரச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். ஒரு மேசையில் காசுகளைப் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் துணியில் வைத்தார். அவசரப்படவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். பல நாள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்தான், வாயில் வரும்போது குழறின. அவர் காசுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

“நீங்க கோர்ட்டுக்கு வந்தீங்க. அது பெரிய விஷயம், மறக்கமாட்டேன்,” என்றார். “ஆனா மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

கடைசியாக ரசீது இருந்தது. காப்பாளர் சொல்லி அடித்த ஆங்கில ரசீது. கையெழுத்து வாங்கவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படிக்கச் சொன்னார்.

படித்தேன். வேலாயுதம் என்ற தொழிலாளியின் வசம் காணப்பட்ட பழங்காசுகள் பதினொன்று, இன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

“வசம் காணப்பட்டன்னா?”

“உங்ககிட்ட இருந்துச்சுன்னு அர்த்தம்.”

“எங்கிட்ட இருந்துச்சுன்னு போடாதீங்க. அப்படிப் போட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு.” பேனாவை மேசையில் வைத்தார். “என்னோடதுன்னு போடுங்க. எங்கம்மா எடுத்ததுன்னும் போடுங்க. இல்லாட்டி நான் கையெழுத்துப் போடல.”

ரசீதின் வாசகத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. காப்பாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கதவு திறந்திருந்தது. நான் எழுந்து போய்க் கேட்கவில்லை. புதுத் தாளை இயந்திரத்தில் செருகினேன். அவர் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். நல்லம்மாள் என்றார். வேலாயுதத்துக்குச் சொந்தமான, அவர் தாயார் நல்லம்மாள் அமராவதி ஆற்றில் கண்டெடுத்த பதினொரு காசுகள் என்று அடித்து, அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

பிறகு பேனாவை எடுத்து, எழுத்து எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.